கடற்பக்கத் துண்டு

காலை எட்டே காலுக்குக் கடற்கரையைக் காட்டும் கோட்டைப் படத்தில் ஒட்டினேன். அது தாளின் மேற்பக்கத்தில் போய் விழுந்தது. கீழே விழும் என்று நினைத்திருந்தேன்.

நில அளவையாளர் அனுப்பிய கோப்பில் கடற்கரை நீலக் கோடாக இருந்தது. அதைப் பதினான்கு தாள்களிலும் போடச் சொல்லியிருந்தார் எமிலியானுஸ். மன்னார் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த வரைபடக் கந்தோருக்கு அவர்தான் முதலாளி. நான் அங்கே கணினியில் படம் வரைபவன். தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை அவர் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் வேகமாக வரைவேன்.

கோட்டை அழித்துத் திரும்பவும் ஒட்டினேன். அதே இடம். வடக்கைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. பிழை கோட்டில் இல்லை.

பேசாலையில் மீனவர் பாவித்த பழைய கட்டடம் அது. நடுவில் முற்றம், இருபுறமும் ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்று கடலைப் பார்த்தது, மற்றது வீதியைப் பார்த்தது. கடற்பக்கத் துண்டு ஷெல் விழுந்து சுவரெல்லாம் வெடித்துப்போய் நின்றது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். வீதிப்பக்கத் துண்டில் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஆறு குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய காணிகளில் இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லை. முடியும்வரை அந்தத் துண்டை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

இரண்டும் ஒரே அளவு என்பதால் பெரிய படத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் முழுக் கட்டடத்தையும் தீப்பெட்டி அளவில் போட்டு, அந்தத் தாள் எந்தப் பகுதிக்கானதோ அதை மட்டும் கறுப்பாக நிரப்பிக் காட்டுவோம். கீ பிளான் என்று பெயர். எல்லைக்கோட்டை மூடிவிட்டு உள்ளே ஒரு தடவை அழுத்தினால் நிரம்பிவிடும். அரை நிமிட வேலை. இடிப்புத் தாளுக்கு எதை நிரப்புவது என்று கேட்டபோது எமிலியானுஸ் போனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். "கடற்பக்கத் துண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்குப் போனார். நான் கீழே இருந்ததை நிரப்பினேன்.

நான் தாழ்வுபாட்டில் பிறந்தவன். மன்னார்த் தீவின் தென்கரை. எங்களுக்குக் கடல் தெற்கே, அதாவது தாளின் கீழ்ப்பக்கம். பேசாலை வடகரை. அது எனக்குத் தெரியாததல்ல, எத்தனையோ தடவை தேவாலயப் பெருநாளுக்குப் போன ஊர். கை அதை யோசிக்கவில்லை.

அந்தத் தாள் பத்து நாளைக்கு முன்பே வேலைத்தளத்துக்குப் போய்விட்டது. இடிப்பு இன்றைக்கு ஒன்பது மணிக்கு.

எமிலியானுஸிடம் சொன்னேன். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வேலைத்தளத்தில றசாக்குக்குப் போன் அடிச்சனியோ?"

"நாலு தரம் அடிச்சனான். எடுக்கேல்ல."

"மெசின் இறக்கிற சத்தத்தில கேட்டிராது. நீ நேர போ. போய் ரிவிஷன், படம் மாறியிருக்கு எண்டு சொல்லு. பிழை எண்ட சொல்லு உன்ர வாயில வரக்கூடாது. விளங்குதோ? அடுத்த வருசத்துப் பள்ளிக்கூட வேலையும் எங்களுக்குத்தான் வரப்போகுது."

"நிப்பாட்டாட்டி?"

"நிப்பாட்டுவான். போ."

அவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தலைமன்னார் வீதி அப்போது பாதி கிரவல், பாதி தார். இடையில் கழுதைகள் நகராமல் நின்றன. மூன்று தடவை நிறுத்தி மறுபடியும் றசாக்குக்கு அடித்தேன். ஒன்பது பத்துக்கு வளவுக்குள் திரும்பியபோது தூசி தெரிந்தது.

வீதிப்பக்கத் துண்டின் கிழக்கு மூலையில் ஓடுகள் இல்லை. ஒரு சுவரின் மேற்பாதியும் போயிருந்தது. மஞ்சள் ஜேசிபி வாளியை உயர்த்தி அடுத்த சுவருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், வெடித்த துண்டின் விறாந்தையில், ஆறு குடும்பத்தின் சாமான்களும் குவிந்து கிடந்தன. பாய், பிளாஸ்ரிக் கதிரை, மடித்த வலை. சனம் அதற்குள்ளேதான் நின்றது. அவர்களுடைய தலைக்கு மேலே சுவரில் என் கை நுழையும் அளவு வெடிப்பு ஓடியது.

மேற்பார்வையாளர் அப்துல் றசாக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கையில் நான் வரைந்த தாள்.

"நிப்பாட்டுங்கோ. ரிவிஷன் வந்திருக்கு" என்றேன்.

"கடிதம் எங்க?"

"பின்னேரம் வரும்."

"அப்ப பின்னேரம் நிப்பாட்டுறன்." ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார். வாளி சுவரில் இடித்தது. ஒரு யன்னல் நிலை முற்றத்தில் வந்து விழுந்தது.

"றசாக் நானா, அது நல்ல துண்டு. வெடிச்சது அந்தப் பக்கம். உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியுது தம்பி. நேற்று இந்தச் சனத்தை எழுப்பி அங்கால அனுப்பேக்குள்ள அந்த மனிசியும் இதைத்தான் கேட்டவ." விறாந்தையில் நின்ற ஒரு பெண்ணைத் தாடையால் காட்டினார். "போன முறை நான் என்ர மூளையைப் பாவிச்சு, பேப்பரில இருந்த ஒரு சுவரை இடிக்காம விட்டனான். ரெண்டு மாசம் வீட்டில இருத்திப்போட்டாங்கள். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. இந்தக் கறுப்பு மட்டும் தெரியும். கறுப்பு இஞ்ச இருக்கு, இஞ்ச இடிக்கிறன். நாளைக்கு மெசின் முருங்கன் வேலைக்குப் போகவேணும்."

வாளி மறுபடியும் உயர்ந்தது.

"ரிவிஷன் இல்லை" என்றேன். "பிழை. கறுப்பை மாறிப் போட்டது நான்தான்."

அவர் குடையைச் சரித்து என்னைப் பார்த்தார். பிறகு விசில் ஊதினார். இயந்திரம் அடங்கியதும் கடல் கேட்டது. வடக்கிலிருந்து.

"அதை எழுதித் தாங்கோ. பேரும் போடுங்கோ" என்றார்.

தாளை ஜேசிபியின் டயரில் வைத்து, கீழே இருந்த கறுப்பின் மேல் பேனையால் குறுக்கே அடித்தேன். மேலே இருந்ததைக் கோடு கோடாக நிரப்பினேன். கணினியில் அரை நிமிடம் எடுத்தது இங்கே ஐந்து நிமிடம் எடுத்தது. முதல் படத்தில் பிழை, வரைந்தவன் நான் என்று எழுதி, எமிலியானுஸ் மட்டும் ஒப்பமிடுகிற பெட்டிக்குள் என் பெயரை எழுதினேன். றசாக் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"உமக்கு இனி அந்தக் கந்தோரில வேலை இராது" என்றார்.

"ஓம்."

"வெடிச்சதுக்குள்ள இருந்து இதுகளை முதல்ல வெளியில எடுக்கவேணும். பதினொண்டுக்கு நான் அங்கால தொடங்கிறன்."

விறாந்தையில் நின்ற பெண் முற்றத்தைத் தாண்டி வந்தாள். மெற்றில்டா என்று பிறகு தெரிந்தது. இடிந்த மூலை அவளுடைய அறை. உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் அடித்திருந்த ஆணியில் ஒரு செபமாலை அப்படியே தொங்கியது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தம்பிதானோ படம் கீறினது?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"தாழ்வுபாடு."

கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்குக் கடல் அங்காலயல்லோ."

"ஓம் அக்கா."

"ஒருக்கா வந்து பாத்திருக்கலாம். பஸ் ஓடுதுதானே."

அந்தத் துண்டின் அறைகளை எண்ணினேன். ஐந்து அறைகள் மிஞ்சின, குடும்பங்கள் ஆறு.

"பக்கத்து டிலானியின்ர அறையை நடுவால சீலை கட்டிப் பிரிப்பம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் விறாந்தைக்குத் திரும்பினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். "என்ன நிக்கிறீங்கள்? நேற்று இந்த அலுமாரியை அங்கால கொண்டுபோக நாலு பேருக்கு இடுப்பு முறிஞ்சது. செருப்பைக் கழட்டிப்போட்டு அந்தப் பக்கம் பிடியுங்கோ."

பிடித்தேன். தேக்கு. முற்றத்தின் நடுவில் வந்தபோது என் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. எமிலியானுஸாகத்தான் இருக்கும்.

"எடுக்கேல்லையோ?"

"ரெண்டு கையும் வேணும்" என்றேன்.

"அப்ப விழுத்தாம வாங்கோ."