மேசையில் இருந்த வெள்ளை வட்டம்

பாலிஷ்காரர் மெஷினை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையின் சலவைக்கல் கண்ணாடியாய் மின்னியது.

"கறை இருந்த இடம் தெரியுதா பாருங்க மேடம்!"

மகள் குனிந்து பார்த்தாள். சுத்தமாகப் போய்விட்டிருந்தது. அப்பா தினமும் எலுமிச்சை ஜூஸ் டம்ளரை அடியில் தட்டு போடாமல் வைத்து வைத்து, மெருகு அரித்துப்போய் விழுந்த வெள்ளை வட்டம் அது. அதற்காக அம்மா அவரோடு மல்லுக்கு நிற்காத நாளே கிடையாது.

"பூமிக்குள்ள அத்தனை சூட்டையும் தாங்கின கல்லு, என் ஜூஸுக்குப் பயப்படுதா டீச்சரம்மா?" என்று அப்பா வம்பிழுப்பார். பள்ளியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற மகள் விடுவாளா?

"இது முதல்ல சுண்ணாம்புக்கல்லுப்பா. உள்ளே சிப்பியெல்லாம் பதிஞ்சிருக்கும். ஆழத்துல புதைஞ்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் கிடந்து, உருகாமலே புதுப் படிகமா மாறிடும். ஆனா சரக்கு அதேதான். அதான் புளிப்பு பட்டா அரிக்குது."

"அப்ப அந்தச் சிப்பி?"

"அடையாளமே இருக்காது."

"அடப்பாவமே!" என்றுவிட்டு, டம்ளரை மறுபடி அதே இடத்தில் வைப்பார்.

மாரடைப்பில் அவர் போன பிறகு, அம்மா அந்த வட்டத்தின் மேல் விரலை ஓட்டியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். கறை இன்னும் அம்மாவை உறுத்துகிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அம்மா பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்து ஆளை வரவழைத்துவிட்டாள். அம்மா முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட மாட்டோமா என்ற ஆசை.

அம்மா வந்தாள். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் தானாகக் கல்லுக்குப் போனது. தடவியது. கொஞ்சம் தள்ளித் தடவியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

அந்த விரல் எதைத் தேடியது என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லாப் பண்ணியிருக்கார். புதுசு மாதிரியே இருக்கு" என்றாள் அம்மா. பாலிஷ்காரரிடம் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

அவர் கிளம்பியதும் மகள் சமையலறைக்கு ஓடி எலுமிச்சையைப் பிழிந்தாள். டம்ளர் வழிய வழிய ஊற்றி, அடி ஈரத்தோடு கொண்டுவந்து அதே இடத்தில் வைக்கப் போனாள்.

அம்மா குறுக்கே கை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டி. அவர் வச்சாத்தான் அது."

டம்ளரின் அடியை உள்ளங்கையால் துடைத்தாள். அப்பாவிடம் இத்தனை வருஷமும் போடச் சொல்லிக் கெஞ்சிய அந்தத் தட்டை எடுத்துப் போட்டு, அதன் மேல் மெதுவாக வைத்தாள்.