டயருக்கு வைத்த கல்

தேயிலை மலையில் வேலை செய்த இடத்திலிருந்து கூப்பிட்ட ஆட்கள் நனைந்த சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துத் துரையின் காரைத் தள்ளினார்கள். டிரைவர் லியனார்ட் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"தெனமும் எங்க மேல சேத்த அடிச்சிட்டுப் போவ. இன்னிக்கி நாங்கதான் ஒன் இஞ்சின்," என்றான் தள்ளியவர்களில் ஒருவனான அழகன்.

லியனார்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நானுஓயா ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கியர் பெட்டி அரைத்து நின்றுவிட்டது. துரை மழையில் நடந்து போயும் ரயில் கிடைக்கவில்லை.

எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மெக்கானிக் இப்றாஹிம் தலவாக்கலையிலிருந்து வந்து, சரிவில்லாத மட்டமான தரை கேட்டார். துரை வேறு வழியில்லாமல், பங்களா முன்னால் இருந்த டென்னிஸ் புல்வெளியைக் காட்டினார்.

இப்றாஹிம் காருக்கடியில் படுத்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்தே வந்தது.

"சீல் ஒழுகியிருக்கு. எண்ணெய் பாக்கல்லியா தம்பி?"

"சனிக்கெழம பாத்தேன் நானா. வெரல் நனைஞ்சிச்சு."

"எங்க வச்சு?"

"ஷெட்டுல."

"ஷெட்டு சரிவால்ல இருக்கு. உள்ள இருக்கிற கொஞ்ச எண்ணெயும் மூடிப் பக்கமா வந்து நிக்கும், வெரல் நனையும்."

"ஷெட்டா? அது மட்டந்தானே நானா?"

"அப்ப டயருக்குக் கல்லு எதுக்கு வைக்கிற?"

லியனார்ட் யோசித்தான். எங்கே நிறுத்தினாலும் கல் வைப்பான். கல் வைத்தால் வண்டி அசையாது. அசையாவிட்டால் மட்டம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"மட்டமா எங்கதான் நானா இருக்கு?"

இப்றாஹிம் காலடிப் புல்லைப் பார்த்தார்.

"இங்க நாங்க கால் வைக்கக்கூடாதே," என்றான் லியனார்ட்.

வராந்தாவிலிருந்து துரை பேசினார். "நீ எண்ணெய் பாக்க இல்லே. பொய் பேசாதே. நாளைக்குக் காம்பரா விட்டுப் போ."

"பாத்தேனுங்க தொரை..."

துரை உள்ளே போய்விட்டார்.

தோட்டம் குடியிருக்கக் கொடுத்த அந்தக் காம்பரா அறையில் அவன் மனைவி றோசலின் பிள்ளையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்."

"எண்ணெய் இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"அப்பறம் எப்பிடி இல்லாமப் போச்சு?"

அவன் பதில் சொல்லத் தொடங்கினான். பாதியில் அவனுக்கே குழம்பிவிட்டது.

மறுநாள் காலை பங்களாவின் பூந்தோட்டக்காரர் சின்னத்தம்பி காம்பரா வாசலில் நின்றார். "போறதுக்கு முன்ன புல்லுல விழுந்த டயர் தடத்தச் சமப்படுத்திட்டுப் போகணுமாம். பின்னேரம் டென்னிஸ் ஆட்டம் இருக்கு."

லியனார்ட் இரும்பு உருளையை இழுத்தான். ஈரமண் அமுங்கித் தடங்கள் மறைந்தன. வேலிக்கப்பால், பெட்டியின் மேல் பிள்ளையோடு றோசலின் உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்ததும் உருளையின் கைப்பிடியை விட்டுவிட்டு, அதற்கு முட்டுக் கொடுக்க ஓரத்திலிருந்த கல் ஒன்றை அவசரமாக எடுத்து வந்தான். உருளை கல் இல்லாமலே விட்ட இடத்தில் நின்றது. அவன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது உருளட்டும் என்று காத்திருந்தான்.