சேலைத் துணி கட்டிய மரங்கள்

பரண்மேல் இருந்த பையை எடுக்கத்தான் அஞ்சலாட்சி ஏறினாள். தம்பி தனசேகரன் திருச்சியிலிருந்து வந்து வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டுமாம், அதற்குள் பதில் வேண்டுமாம். பதில் என்ன பரண்மேலா இருக்கிறது? இருந்தாலும் பையைக் கையில் எடுத்துவிட்டால் பாதி பதில் சொன்ன மாதிரி என்று அவளுக்கு ஒரு எண்ணம். குதிரின் விளிம்பில் கால் வைத்து எம்பி, இருட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பை அகப்படவில்லை. மெத்தென்று ஒரு மூட்டை அகப்பட்டது. கீழே இழுத்துப் பிரித்தால், உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த துணிகள். பச்சை, ஊதா, அரக்கு, மாம்பழ மஞ்சள். எல்லாம் அவள் கட்டிக் கிழிந்த சேலைகள். இவை இந்நேரம் இங்கே இருக்கவே கூடாது.

தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டின் இரண்டு ஓரமும் புளிய மரங்கள். மரம் சர்க்காருடையது. பூ வைத்ததும் காய்ப்பை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவன் மாசியில் உலுக்கிக்கொள்வான். அதுவரை எது யார் மரம் என்று போகிறவன் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே! சிலர் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், சிலர் செம்மண் பூசுவார்கள். அவள் புருஷன் மாயவனுக்கு அதெல்லாம் ஆகாது, மழையில் கரைந்துவிடுமாம். பெண்டாட்டியின் பழைய சேலையை நீளவாக்கில் கிழித்து, மரத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவான். அந்த முடிச்சு மட்டும் அவளுக்கு இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை. காற்றுக்கும் மழைக்கும் அசையாது. மற்றவர் இழுத்தால் இறுகும், அரிவாள் போட்டால்தான் உண்டு. அவன் விரல் பட்டால் மளமளவென்று அவிழும். உலுக்கி முடித்த பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, அலசிச் சுருட்டி, அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று பரணில் போடுவான். நடவுக்குப் போகிற பெண்கள் சும்மா விடுவார்களா! "இன்னாடி அஞ்சல, உம்புருசன் உனக்குச் சேல எடுத்ததவுட மரத்துக்குக் கட்டுனதுதான் ஜாஸ்தி" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும், இல்லையென்று சொல்ல முடியாது.

மாசி வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மரத்தில் பிஞ்சுதான் விட்டிருந்தது. அந்த மரமும் இப்போது இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் அந்த வாரம் முழுக்க மாவட்டத்தில் ஒரு வண்டி ஓடவில்லை. எந்த ரோட்டைப் பார்த்தாலும் குறுக்கே மரம். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. பெண்கள் அடுப்பை மூட்டுவதும் வாசலை எட்டிப் பார்ப்பதுமாகக் கிடந்தார்கள். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாயவன் மரங்கள் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏலம் எடுத்த சின்னதுரையின் மரங்கள், ஒரு கிளை ஒடியாமல், இன்றைக்கும் நிற்கின்றன. நம் நேரம் அப்படி என்றுதான் அஞ்சலாட்சி நினைத்தாள். மாயவன் அப்போது ஊரிலேயே இல்லை. கரியாலூர்ச் சடையனைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன் என்று இரண்டு நாள் கழித்துத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சடையனும் அவன் ஆட்களும்தான் வருஷா வருஷம் இறங்கி வந்து மரம் உலுக்குவார்கள், இப்போதே சொல்லி வைக்காவிட்டால் வேறு யாராவது கூட்டிப் போய்விடுவார்கள் என்றான். அவளும் நம்பினாள். ஆள் இல்லாத நேரத்தில் அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்களே என்று, வெட்டிய கை விளங்காமல் போக என்று, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அது மட்டுமா செய்தாள்? ரோடு திறந்த பிறகு போலீஸ் ஜீப் ஊருக்குள் வந்தது. மரம் வெட்டியவர்கள் யார் யார் என்று வீடு வீடாக விசாரித்தார்கள். "உம்புருசன் எங்கம்மா இருந்தான் அன்னிக்கி?" என்று கேட்டதற்கு, "மலைக்குப் போயிருந்தாருங்க" என்றவள், அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் நின்ற மகள் இலக்கியாவின் தலையில் கை வைத்து, "எம்புள்ள மேல சத்தியங்க" என்றும் சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்விட்டார்.

இப்போது மடியில் மூட்டை. ஒரு சுருளை உதறிப் பார்த்தாள். வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. முடிச்சு விழுந்த இடத்தில் மட்டும் சுருக்கம். மண்கூட இல்லை, அலசிக் காயவைத்த துணி. அரிவாள் படாமல் இதை அவிழ்க்க இந்தப் பூமியில் ஒரே ஒருவனால்தான் முடியும். அவள் கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் தலையில் வைத்த கை.

"யக்கா, இன்னாக்கா முடிவு பண்ண?" வாசலிலிருந்து தனசேகரன் குரல் கொடுத்தான். பாவம், அவனுக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். இந்தக் கேள்வியை அவன் கேட்பதும் அவள் மழுப்புவதும் இலக்கியா பிறந்த நாளிலிருந்து நடக்கிறது. திருச்சிப் பாலக்கரையில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான். மாமாவுக்கும் அங்கேயே ஒரு வேலை பார்த்துத் தருகிறேன், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்பான். போன வருஷம் அரிசி மில்லில் வேலை என்றான், அதற்கு முன்னால் வேறு ஏதோ. இந்தத் தடவை ஒரு மர டிப்போவில் காவல்காரன் வேலை. உறையூரில் ஒரு சின்ன வீடு, பின்னாலேயே குழாய், எட்டி நடந்தால் பள்ளிக்கூடம். ஒவ்வொரு தடவையும் மாயவன் சொல்கிற பதிலும் ஒன்றேதான். இந்த மாசி ஆகட்டும். மாசியில் மகசூல் நன்றாக இருந்தால், நன்றாகக் காய்க்கிற மரத்தை விட்டுவிட்டு எவன் போவான் என்பான். குறைந்தால், விட்டதை அடுத்த மாசியில் பிடித்துவிடலாம் என்பான். கோடை முழுக்கப் புளி தட்டுவது அவள்தான். ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து எடுத்து நகக்கண்ணெல்லாம் வெந்துபோகும். சோற்றில் கை வைத்தால் எரியும். இடுப்பு நிமிராது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், போகலாம் அஞ்சல என்று சொல்லுவானா என்று அவள் காத்திருந்தாள். சொல்லவில்லை. என்ன செய்வது, மரம் விடமாட்டேன் என்கிறது, அவன் மேல் என்ன தப்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாயவன் பம்புசெட்டில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தான். சோறு போட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் அந்த மூட்டையையும் வைத்தாள்.

அவன் பிசைந்த கையை எடுக்கவில்லை. மூட்டையைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு ஒரு கவளம் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தான்.

"ரெண்டு நாளும் மலைல இல்ல நானு. வெட்டுனவங்க கூடத்தான் இருந்தேன்" என்றான்.

"அது தெரிஞ்சிப்போச்சி. மேல சொல்லு மாமா."

"பாலத்துக்கிட்ட வெட்டுனாத்தான் வண்டி ஒதுங்கிப் போவ முடியாதுன்னு சின்னதுரை மரத்துல ரம்பத்த வெச்சிட்டானுங்க. அவன் பொண்ணுக்குப் பங்குனில கல்யாணம். அந்த மரத்த நம்பித்தான் நாளு குறிச்சிருக்கான். என் மூஞ்சியப் பாத்துக்கினே நிக்கிறான், வாயத் தொறக்க மாட்றான். நான் இன்னா பண்ணட்டும்? இத வுடுங்கடா, என் மரம் இருக்குது, அங்க வாங்கன்னு இஸ்துகினு போனேன்." இன்னொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "துணி இன்னாத்துக்கு வீணாப் போவணும்னு ஒவ்வொண்ணா அவுத்துக்கினேன்" என்றான்.

வேறு நேரமாக இருந்தால் அஞ்சலாட்சி உருகியிருப்பாள். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு.

"எம்புள்ள தலைமேல கைய வெச்சி சத்தியம் பண்ணியிருக்கேன் மாமா. பொய்ச் சத்தியம்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் சோறு துன்னுகினு இருந்தியா இத்தினி நாளா?"

அவன் மிச்சச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"எத்தினி வருசமா கேக்கறேன், போலாம் மாமா, போலாம் மாமான்னு. மரம் மரம்னு சொல்லி என் வாய அடச்ச. நானும் மரந்தான் புடிச்சிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். ஊரு வந்து கேட்டதும் ஒரு சாயங்காலத்துல அத்தினியும் குடுத்துட்ட. சின்னதுரை வாயத் தொறந்து கேக்கக்கூட இல்ல, அவன் மூஞ்சியப் பாத்தே குடுத்துட்ட. என் மூஞ்சி உனக்குத் தெரியவே இல்லியா?"

மாயவன் தட்டிலேயே கையைக் கழுவினான். வெளியே எங்கோ ஆடு கத்தியது. "ஊரே சேந்து நிக்கறப்ப இப்பப் போனா, வெட்டிட்டு ஓடிட்டான்னுதான் போலீஸ் சொல்லும். நாளைக்கு உம்பையன் அறிவு காலேஜ் போறதுக்குத்தானடா இந்த அடி வாங்கறோம், நீ ஓடறியான்னு ஊருக்காரன் கேப்பான்" என்றான். அவளிடம் சொல்கிற மாதிரி இல்லை. அவனுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"கேக்கட்டும். அறிவு எங்க இருந்தாலும் படிப்பான். நான் புள்ளைங்கள இட்டுக்கினு போய் வூட்டப் பாத்துட்டு வரேன்" என்றாள். திரும்பி வருவேனா என்பதை அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

பை குதிருக்குப் பின்னால் கிடந்தது. ஜிப்பு என்றைக்கோ போய்விட்டது. நாலு துணியைத் திணித்ததும் வாய் பிளந்துகொண்டது. மூட்டையிலிருந்து கைக்கு வந்த பச்சைத் துணியை உருவி, பையைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். தூக்கினால் முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள், மறுபடி நழுவியது. மாயவன் வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை உள்ளே விட்டு வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் போட்டான் அந்த முடிச்சை. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் அவளுக்கு அது பிடிபடவில்லை. கட்டி முடித்துப் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான். சட்டை போடவில்லை. கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

தனசேகரன் முன்னால் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இலக்கியாவும் அறிவுச்செல்வனும் துள்ளிக்கொண்டு போனார்கள், திருவிழாவுக்குப் போகிற மாதிரி. ரோட்டுக்கு வந்ததும் கண் கூசியது. நிழல் இல்லாத ரோடு அவளுக்குப் பழக்கமில்லை. முன்பெல்லாம் இங்கே நின்றால் புளிய இலைக்குள்தான் வானம் தெரியும். இப்போது மேற்கே கல்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது. வெட்டிய கிளைகளை விறகுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அடிமரங்கள் மட்டும் ரோட்டோரப் பள்ளத்தில் உருண்டு கிடந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம், தன் மர நிழலில் சின்னதுரை நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றுப் பக்கம் இறங்கிவிட்டான்.

மாயவன் பையை ஒரு வெட்டுமரத்தின்மேல் வைத்தான். அதன் பக்கத்திலேயே நின்றான். பச்சைத் துணியின் நுனி காற்றில் அடித்துக்கொண்டது.

பஸ் வந்தது. மறியலுக்குப் பிறகு எல்லாப் பஸ்ஸும் இப்படித்தான், படிவரை ஆள். தனசேகரன் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஏறினான். அஞ்சலாட்சி ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினாள். கண்டக்டர் தலையை நீட்டி, வெட்டுமரத்தின்மேல் இருந்த பையைக் காட்டி, "யாருதுங்க அந்தப் பை? எடுங்க, எடுங்க, டைம் ஆவுது" என்று கத்தினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், "எங்களுது" என்றான் மாயவன்.

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். கண்டக்டர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மாயவன் கொடுக்கவில்லை. வெறுங்காலோடு, வெற்று மார்போடு, ரோட்டில் நின்றபடி பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். அஞ்சலாட்சி படியிலிருந்து காலை எடுக்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. கொஞ்சம் ஒதுங்கி, படியில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டாள்.