காற்றில்லாத நாள்

"மூடியைப் பிடி! மூடியைப் பிடி, புள்ள!" என்று நார்மன் கத்தி முடிப்பதற்குள் பிளாஸ்கின் மூடி பிரெண்டாவின் கையைவிட்டுக் கிளம்பிவிட்டது. ஊதா நிறத்தில் பூத்துக்கிடந்த ஹெதர் புதர்மேல் இரண்டு குதி குதித்து, கிழக்குச் சரிவில் உருண்டு, போன இடம் தெரியவில்லை.

"டீயை எதுல ஊத்திக் குடிக்கிறதாம் இப்ப?"

"பிளாஸ்கோட குடி. பஸ் டிப்போவுல முப்பத்தஞ்சு வருஷம் நான் அப்படித்தான் குடிச்சேன்."

மேட்டுநிலத்தில் அன்று பேய்க்காற்று. இருவரும் எல்லைக்கல்லின் கிழக்குப் பக்கம் ஒண்டி உட்கார்ந்தார்கள். ஊமை மார்த்தா என்று அதற்குப் பெயர். குண்டு உடம்பும் சின்னத் தலையுமாக, எந்தக் காலத்திலிருந்தோ அங்கே நிற்கிறாள். அவளுக்கு மேற்கே கில்பெக் ஊர், கிழக்கே தோர்ன்டேல். மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும்போது எந்த மடையனும் கில்பெக் பக்கம் உட்கார மாட்டான்.

நார்மன் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஒரு கடி கடித்தார். "இந்தப் பக்கம் உக்காந்தா நம்ம ஊர் தெரியலியே" என்றார்.

"நம்ம ஊரா? யோவ், நம்ம ஊர் பிராட்ஃபோர்ட். இங்க நீ ஒரு வாரத்துக்கு வாடகைக்கு வந்தவன்."

இதற்கு அவர் என்ன திருப்பிச் சொல்லப்போகிறார் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது ரொட்டி கையில் இருந்தது. கண் திறந்திருந்தது. ஆள் இல்லை.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஹார்லண்ட்தான் அவள் கையசைத்ததைப் பார்த்து நாலுசக்கர வண்டியில் மேலே வந்தார். நார்மனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை சட்டையோடு அந்தக் காற்றில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹார்லண்டிடம் ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி என்று நார்மனே சொல்வார்.

வருஷாவருஷம் செப்டம்பரில் நார்மனுக்கு அவர் கொடுத்த வரவேற்பு ஒன்றே ஒன்றுதான். "வந்துட்டீரா பஸ்காரரே? எப்பக் கெளம்புறீர்?" கில்பெக் மதுக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விட நார்மன் உரக்கச் சிரிப்பார். அவர் தலை நரைத்து, அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் பிள்ளை பெற்ற பிறகும் கேள்வி மாறவில்லை.

அக்கம்பக்கமெல்லாம் ஸ்பெயினுக்குப் போய் உடம்பைக் கருக்கிக்கொண்டு வரும். பிரெண்டாவுக்கும் ஆசைதான். இந்த மனுஷனுக்கோ கல்லும் கரிமண்ணும் காட்டுக்கோழியும்தான். கழுதைகள் உப்பு சுமந்துபோன குறுகல் பாலத்தைத் தடவிப் பார்ப்பார். கில்பெக் கோயில் கதவில் எவனோ ஒரு தச்சன் உளி வழுக்கி விட்ட கீறலைக் கண்டுபிடித்து, "பாரு புள்ள, அன்னிக்கு அவனுக்கு என்ன கவலையோ" என்பார். கூட்டத்தில் நாள் முழுக்கப் பஸ் ஓட்டின மனுஷனுக்கு இவ்வளவு பார்க்கத் தெரிகிறதே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் ஸ்பெயின் பேச்சையே எடுக்க முடியாதே!

"செத்தா இந்தக் கோயில் சுவரோரம் ஒரு மூலை கெடச்சாப் போதும்" என்று அவர் சொன்னதுண்டு. அதற்கும் அவள் சிரித்துத்தான் வைத்தாள்.

மகன் கீத் போனில், "அம்மா, அப்பாவை இங்கயே கொண்டாந்துருங்க. சுடுகாடு நம்ம வீட்டுக்குப் பக்கந்தான?" என்றான்.

"இரு. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

பாதிரியம்மா பிலிப்பா நல்ல மனுஷி. கோயில் வாசலில் வைத்து, பிரெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "எடம் கம்மிம்மா. இந்த ஊர்ல குடியிருக்கிறவங்க, இல்லேன்னா இந்த ஊர் எல்லைக்குள்ள உசுர் போனவங்க, அவ்வளவுதான். போன வருஷம் பெரிய பணக்காரர் ஒருத்தர் கேட்டாரு, முடியாதுன்னுட்டோம். அவருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு இருக்கக் கூடாதில்ல?"

"கூடாது."

"மார்த்தாகிட்டன்னு சொன்னாங்க. எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?"

தோர்ன்டேலிலோ கல்லறைத் தோட்டம் நிரம்பி வருஷக்கணக்காகிறது. பாதிரியம்மாவின் பக்கத்தில் கோயில் நிர்வாகி திருமதி டௌசன் சாவிக்கொத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக் கொட்டகை, பாதிக் கூரை இல்லாமல் தெரிந்தது. நார்மன் செத்த அன்றைக்குப் பறந்த தகரம் இன்னும் பக்கத்து வயலில் கிடந்தது.

பிரெண்டாவுக்குப் பொய் வராது. சின்ன வயதிலேயே அவள் அம்மா அதை அடித்துத் துரத்திவிட்டாள். உண்மையைச் சொன்னால் நார்மனை அந்த மூலையிலிருந்து தன் வாயாலேயே கிளப்பிவிட்டதாகும். ஏற்கெனவே ஒரு தடவை கிளப்பியாயிற்று, வாடகைக்கு வந்தவன் என்று. அதுதான் அவர் காதில் கடைசியாக விழுந்தது. வாயைத் திறந்தாள்.

"நம்ம பக்கம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹார்லண்ட். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பாதிரியம்மா மெதுவாகக் கேட்டாள். "மேக்குப் பக்கமா? அன்னிக்கு அடிச்ச காத்துல?"

"காத்தா?" ஹார்லண்ட் மேட்டைப் பார்த்தார். "அன்னிக்குக் காத்தே இல்லியே."

திருமதி டௌசன் திரும்பித் தன் கொட்டகையைப் பார்த்தாள். வயலில் கிடந்த தகரத்தையும் பார்த்தாள். சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஆமா" என்றாள். "எல அசையல."

பாதிரியம்மா நெடுநேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரெண்டாவின் கையை ஒருமுறை அழுத்தி, "சுவரோரம் ஒரு எடம் இருக்கும்மா" என்றாள். பிரெண்டா வாயை மூடிக்கொண்டாள். அம்மா மன்னிக்கட்டும்.

அடக்கத்தன்று தானும் கீத்தும் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்திருந்தாள். கில்பெக்கில் வீட்டுக்கு ஒருவர் வந்து நின்றார்கள். ஊர்க்காரர் யார் செத்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும் என்பது அங்கே கட்டளை. வெளியாளுக்குக் கிடையாது. பெட்டியை அந்த ஊர் வழக்கப்படி தோளில் ஏற்றாமல், அடியில் வெள்ளைத் துணிகளைக் கொடுத்து, கை தாழப் பிடித்துக் கொண்டுபோனார்கள். தலைமாட்டில் ஹார்லண்ட். குழிக்குள் இறக்கி முடித்ததும் அவர் குனிந்து முணுமுணுத்தது பிரெண்டாவுக்கு மட்டும் கேட்டது.

"வந்துட்டீரா பஸ்காரரே."

அடுத்த கேள்விக்காக அவள் காத்திருந்தாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அடக்க முடியாத அழுகை.

பன்றிக்கறியும் ரொட்டியும் தேநீருமாகச் சாவு விருந்து முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஹார்லண்ட் அவளிடம் வந்து கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். பிளாஸ்க் மூடி. கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

"எங்க கெடந்துச்சு?"

"தோர்ன்டேல்ல. கோடிச் சுவரோரம்."

"ஏ அப்பா! அவ்வளவு தூரமா?"

"உருண்டிருக்கும், தாயி" என்றார் ஹார்லண்ட், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மறுநாள் காலை, கீத் பெட்டிகளைக் காரில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பிரெண்டா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டில் ஏறினாள். அன்றும் மேல்காற்று. ஊமை மார்த்தாவைச் சுற்றி வந்து, கில்பெக் பக்கம் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வரும்படி அறைந்தது காற்று. ஆனாலும் கீழே கோபுரம் தெரிந்தது. அதன் சுவரோரம் புது மண்ணும் தெரிந்தது. மூடியில் தேநீரை ஊற்றினாள். பாதி பறந்து பாவாடையில் தெறித்தது. மிச்சம் இருந்ததைச் சிந்தாமல், மூடியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.