மேல்ரூம் பல்லி

ஷர்மிளாவின் லேப்டாப்புக்கு நாள் கிழமை தெரியும் என்று தாராவியில் அந்தச் சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தது. சாதாரண நாளில் அது சாதுப் பசு. பாடம் திறந்தால் திறக்கும், மாதிரித் தேர்வு எழுதினால் எழுதவிடும், விரல் போன இடத்துக்கு அம்புக்குறியும் சமர்த்தாகப் போய் நிற்கும். பரீட்சை அன்றைக்கு மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். அவள் இரண்டாவது விடையைத் தொடப் போவாள், அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடும். அவள் தொடாமலே க்ளிக் ஆகும்.

பரீட்சை என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. விக்ரோலியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. அதற்கு வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிற ஒரு மணி நேரத் தேர்வு. ஓர் ஆளுக்கு மூன்றே மூன்று வாய்ப்பு. காப்பியடிப்பவர்களைப் பிடிக்க அதில் ஒரு கண்டிஷன் வைத்திருந்தார்கள். தேர்வுப் பக்கத்துக்கு வெளியே மூன்று தடவை க்ளிக் விழுந்தால் பக்கம் தானாக மூடிக்கொள்ளும், அந்த வாய்ப்பு அவ்வளவுதான். மார்ச் மாதம் பதினெட்டாவது நிமிடத்தில் மூடிக்கொண்டது. மே மாதம் ஒன்பதாவது நிமிடத்திலேயே. மிச்சம் ஒன்று. ஜூலை பத்தாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி.

கோவண்டியில் பிறந்து வளர்ந்து பி.காம். முடித்தவள் ஷர்மிளா. கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது இந்த வேலை ஒன்றைத்தான். கேட்டவுடன் புருஷன் இசக்கிராஜ் சரி என்றான். குர்லாவுக்குப் போய் செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வாங்கி வந்தான். தை மாதம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், தலைவர் காசிராஜன் அண்ணாச்சி அவனை மேடைக்குக் கூப்பிட்டு, "பொண்டாட்டியப் படிக்க வச்சு வேலைக்கு அனுப்புத மனசு எத்தன பேருக்குய்யா வரும்?" என்று மைக்கில் கேட்டு ஒரு பொன்னாடையும் போர்த்தினார். பரீட்சை எழுதப்போகிறவள் கீழே பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள். பொன்னாடை இன்னும் மடிப்புக் கலையாமல் டிவிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

வீடு என்றால் கீழே ஒரு ரூம், இரும்பு ஏணி ஏறினால் பலகைத் தளம் போட்ட மேல்ரூம். இசக்கிராஜ் அங்கே ஆபீஸ்களுக்கு லேப்டாப் பை தைத்துக் கொடுக்கிறான். பரீட்சை நாள்களில் தையல் மெஷின் சத்தம் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வேலையாட்களுக்கு லீவு விட்டுவிடுவான். அவன் மட்டும் மேலே தனியாக, மூச்சுக் காட்டாமல் ஜிப் பிரித்துக்கொண்டிருப்பான். கொடுத்துவைத்தவள் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள். ஷர்மிளாவும் அப்படித்தான் நினைத்தாள்.

முதல் தடவை போனதும் அவளைவிட அதிகமாகத் துடித்தவன் அவன்தான். யூடியூபைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். சார்ஜரில் எர்த் சரியாக இல்லாவிட்டால் கர்சர் ஆடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வயரைப் பிடுங்கி பேட்டரியிலேயே ஓட்டச் சொன்னான். விரல் ஈரமாக இருந்தால் டச்பேட் தடுமாறும் என்று பவுடர் டப்பாவை எடுத்து, அவள் பத்து விரலுக்கும் தானே தடவிவிட்டான். அதுவும் சரிப்படாமல் டச்பேடையே நிறுத்திவிட்டு வயர் வைத்த மவுஸ் வாங்கித் தந்தான். மேஜைத் தகடு பளபளக்கிறது, மவுஸுக்கு வழுக்கும் என்று அடியில் தினத்தாளை மடித்து விரித்தான். மாதிரித் தேர்வில் எல்லாம் சரியாகவே இருந்தது. மே மாதப் பரீட்சையில் ஒன்பதாவது நிமிடத்தில் திரை மூடிக்கொண்டது.

அன்று அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் மெதுவாகச் சொன்னான். "மெஷின்ல ஒண்ணும் இல்ல பிள்ள. எல்லாந்தான் பாத்தாச்சே. ஒங் கைதான் பதறுது. ஒனக்கே தெரியல."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தொண்ணூறு அடி ரோட்டு டாக்டரிடம் அவனே கூட்டிப்போனான். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நரம்புக்கு நல்லது என்று ஒரு சிவப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் அவன் கையில் எடுத்து வந்து நீட்டுவான். அதற்கப்புறம் ஷர்மிளா டீ டம்ளரைத் தூக்கும்போதுகூடத் தன் கையைக் கவனிக்க ஆரம்பித்தாள். கோலம் போடும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, எப்போதும். தன் கை தனக்குத் துரோகம் செய்கிறது என்று அதன்மேல் அவளுக்கு வெறுப்பே வந்துவிட்டது.

மாமியார் தங்கமயில் பழியைப் பல்லி மேல் போட்டாள். இரண்டு பரீட்சையின்போதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்தவள், மேலே பல்லி சொன்னதைத் தன் காதால் கேட்டிருக்கிறாள். கேட்டவுடன் வழக்கம்போல விரல் முட்டியால் தரையைத் தட்டி, "நல்ல சேதி, நல்ல சேதி" என்றும் சொல்லியிருக்கிறாள். அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்று அந்தப் பல்லியைப் பல நாள் திட்டித் தீர்த்தாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. இசக்கிராஜ் துணி எடுக்கப் பிவண்டிக்குப் போயிருந்தான். ஷர்மிளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு குர்லாவில் முகம்மது ஹனீப் கடைக்குப் போனாள். இந்த லேப்டாப் வாங்கிய கடையே அதுதான். ஹனீப் பாய் மேலப்பாளையத்துக்காரர், முப்பது வருஷமாக பம்பாய்.

"பரீட்சை அன்னிக்கு மட்டும் கர்சர் ஓடுது பாய். தானா க்ளிக் ஆவுது. எங் கைதான் பதறுதாம்" என்றாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"மெஷினுக்குப் பரீட்சைய பத்தி என்ன தெரியும் தங்கச்சி?" என்று சிரித்தார் பாய். ஆனாலும் பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். டச்பேடைத் துடைத்தார். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். கடைசியில் பக்கவாட்டைத் திருப்பியவர், மவுஸ் சொருகுகிற இரண்டு துளைகளில் ஒன்றிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு ஒரு கறுப்புத் துண்டைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது எந்த மவுஸோடது?"

"அது மவுஸோடது இல்லயே. தூசி போவாம இருக்க மூடி."

"மூடின்னு யாரு சொன்னா? இது வயர் இல்லாத மவுஸுக்கு உள்ள ரிசீவர். நான் வித்தப்ப இது கெடையாது." அதைத் திரும்பச் சொருகி, திரையில் எதையோ திறந்து அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க, ரெண்டு மவுஸ் காட்டுது. ஒண்ணு நீங்க பிடிக்கிறது. இன்னொண்ணு எங்கயோ கெடக்கு. எதாவது பைக்குள்ள கெடந்து அமுங்குதா என்னமோ. அத எடுத்துப் போட்டா தீந்துது. ஒங்க கையில ஒண்ணும் இல்ல" என்று துண்டைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தார்.

ரயில் குர்லாவை விட்டு சயானுக்கு வருவதற்குள் ஷர்மிளா புருஷனுக்காக ஒரு வக்கீலே ஆகிவிட்டாள். போன தீபாவளிக்கு ஒரு கம்பெனி பையும் மவுஸுமாகப் பரிசு செட் கேட்டது. அதில் மிஞ்சிய மவுஸ் மேலே பைக்கட்டுக்குள் எங்கோ கிடக்கும். அவர் ஜிப் பிரிக்கும்போது அது அமுங்கியிருக்கும். பாவம், அவருக்கு என்ன தெரியும்? சயானில் இறங்கிப் படியேறும்போதுதான் நினைவு வந்தது. மூடி என்று சொன்னவன் அவன். வேறு யாரும் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே அதைச் சொருகி, தூசி போனா மெஷின் கெட்டுரும் பிள்ள, இத எடுத்துராத என்று சொல்லியிருந்தான். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு, இந்தியில் திட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகினாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சையை இரண்டு மணிக்கு மாத்திட்டாங்க என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாத்திரை வந்தது. வாங்கி விழுங்கினாள். பவுடர் டப்பா வந்தது. பத்து விரலையும் நீட்டினாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து அவன் தடவிய பதனத்தைப் பார்த்தபோது, நான் பாவி, இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்படுகிறேனே என்று நினைத்தாள். அவன் ஏணி ஏறினான். சரியாக இரண்டு மணிக்கு, "ஆரம்பிச்சிட்டேங்க!" என்று குரல் கொடுத்தாள்.

"தைரியமா எழுது பிள்ள!" என்றது மேலே இருந்து.

திரையில் பரீட்சை இல்லை. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்திருந்தாள். நடுவில் அம்புக்குறி. வயர் மவுஸைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அம்புக்குறி அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. அசையாதே, அசையாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இது அசையாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. ஆறாவது நிமிடம் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்தேவிட்டாள்.

மேலே டிக் என்றது.

அம்புக்குறி துள்ளி ஓரத்துக்கு ஓடியது. டிக், டிக். கீழ்மூலையில் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. கோத்திருந்த கை கோத்தபடியே அவள் நெஞ்சுக்கு வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கமயில் தரையை முட்டியால் தட்டினாள். "நல்ல சேதி, நல்ல சேதி. கேட்டியாட்டி, பல்லி சொல்லுது."

"அத்தே, அது பல்லி இல்ல" என்றாள் ஷர்மிளா. "ஒங்க மவன்."

குரல் மேலே கேட்டிருக்க வேண்டும். டிக் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து இசக்கிராஜ் இறங்கி வந்தான். பழைய முகத்தையே மாட்டிக்கொண்டு வந்தான். "என்னாச்சு பிள்ள, மறுபடியுமா?"

"பரீட்சை மூணு மணிக்குத்தான். இன்னும் ஆரம்பிக்கல." அந்தக் கறுப்புத் துண்டைப் பிடுங்கி அவன் முன்னால் நீட்டினாள். "இதோட மவுஸ் எங்க? பாக்கெட்லயா?"

அவன் பொய் தேடினான். அகப்படவில்லை. "வேண்டாம்னு சொல்ல வாய் வரல பிள்ள" என்றான். "அத்தன பேரு முன்னால பொன்னாடைய வாங்கிட்டேன். நீ விக்ரோலிக்குப் போயி இங்கிலீஷ் பேசுத ஆளுவகூட இருந்தா, பெறவு என்னைய மதிப்பியா? பன்னெண்டாங் கிளாஸ் ஃபெயிலு நான்."

"சொல்லியிருக்கலாமே. சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், வீட்டோடயும் இருந்திருப்பேனோ என்னவோ." மறு கையை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். "எங் கையப் பாத்து நானே பயந்து செத்தேனே. நீங்க அதுக்குப் பவுடர் போட்டு விட்டீங்க. மாத்திர குடுத்தீங்க. நல்லா இருக்கிற கைக்கு தினமும் தண்ணியும் மாத்திரையுமா வந்து நின்னீங்களே, எப்படிங்க மனசு வந்தது?"

ஊர் மெச்சும் பெயரும் வேண்டும், பெண்டாட்டி வீட்டைவிட்டு நகரவும் கூடாது. இரண்டும் கிடைக்க அவன் கண்டுபிடித்த வழி அது. அதைத் தன் அம்மா முன்னால் எப்படிச் சொல்வான்? தங்கமயில் முட்டி தேயத் தட்டிய தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷர்மிளா அவன் வலது கையை விரித்து, கறுப்புத் துண்டை உள்ளே வைத்து மூடினாள். "வெளிய போயி படியில உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் இந்தக் கை விரியக் கூடாது. அத்தே, நீங்களும் போங்க. பக்கத்துலயே இருங்க."

கதவைத் தாழிட்டாள். வயர் மவுஸைத் திரும்பச் சொருகினாள். மூன்று மணிக்குப் பரீட்சை தொடங்கியது. கண்ணீர் மறைத்தபோதெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுதினாள். அம்புக்குறி அவள் கை போன இடத்துக்குப் போய் நின்றது. அறுபது கேள்வியும் முடிந்தது. கை நடுங்கவில்லை. அது எந்த நாளும் நடுங்கியதில்லை.

முடிவு உடனே திரையில் வந்தது. நான்கு மணிக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் காசிராஜன் அண்ணாச்சி நின்றார். பரீட்சை என்று கேள்விப்பட்டு விசாரிக்க வந்தவர்.

"என்னம்மா, ஆச்சா?"

"பாஸ், அண்ணாச்சி."

"அப்படிப் போடு!" சந்துக்கே கேட்கும்படி சிரித்தார் அவர். நான்கு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அவர் திரும்பியது அவள் பக்கம் இல்லை, படியில் உட்கார்ந்திருந்தவன் பக்கம். "ஏ இசக்கி, சாதிச்சிட்டியேய்யா! வார பொங்கலுக்கு இன்னொரு பொன்னாடை உண்டு ஒனக்கு. கையக் குடு."

இசக்கிராஜ் எழுந்தான். மூடிய வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. இடது கையை நீட்டப் பார்த்தான்.

"சோத்தாங் கையக் குடுல" என்றாள் தங்கமயில். "அண்ணாச்சி கேக்காவல்லா? விரிச்சுக் குடு."

அவன் ஷர்மிளாவைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை முன்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.