குப்பைத்தொட்டி இல்லாத ஊர்

ஜனவரியில் சுன்சோன் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டுக்குள் இருக்கிறோம். கறுப்பு நிறம், பஞ்சு திணித்தது, முழங்காலுக்குக் கீழே வரும். எதிரே வருவது மேலாளரா மச்சானா என்று முகம் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

என் கோட்டின் இடது பையில் ஒரு சூட்டுப்பை இருக்கிறது. குளிருக்குக் கையில் பிடித்துக்கொள்ளும் சின்னத் துணிப்பை. உலுக்கினால் பத்து மணி நேரம் சுடும். அப்புறம் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் கல்லாக இறுகிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு காலையில் பொராம், என் மனைவி, அதை உலுக்கி என் பையில் போட்டாள். அன்று மாலை மருத்துவர் வெளியே வந்து என்னிடம் பேசியபோது அது இன்னும் சூடாக இருந்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் பொராமின் சித்தி கடைக்குப் போனேன். பெரிய இரும்புத்தட்டில் காரக் கோழி வதக்கித் தரும் கடை. இரண்டு பேருக்குக் குறைந்தால் சித்தி அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். பொராம் இருந்தவரை அந்தச் சட்டம் என் கண்ணில் பட்டதே இல்லை.

அன்று வாசலில் இன்னொரு ஒற்றை ஆளும் நின்றிருந்தான். எவான்ட்ரோ என்ற பிரேசில் மாணவன். சியோலில் படிக்கிறான். ஆறடி நாலு அங்குலம். சித்தி எங்களை ஒரே மேசையில் உட்காரவைத்தாள்.

"ரெண்டு அரை சேந்தா ஒண்ணு. உக்காருங்க மாப்ள."

கோட்டில் வாடை ஏறாமலிருக்க மேசைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பை தருவாள். இரண்டு கோட்டும் அதற்குள் போயின.

எவான்ட்ரோ ராஜா காலத்துத் தொடர்களைப் பார்த்து எங்கள் மொழியைக் கற்றவன். தண்ணீர் கேட்கவே எழுந்து நின்றான்.

"தாயே, அடியேனுக்கு ஒரு குவளை நீர் அருள வேண்டும்."

சித்தி கேலி என்று நினைத்து முறைத்தாள். பிறகு கேட்காமலே அவனுக்கு ஒரு முட்டை பொரித்து வைத்தாள். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. எனக்கு ஒருநாளும் முட்டை வந்ததில்லை.

அவன் ஊரைப் பார்க்க அவசரமாக முதலில் கிளம்பினான். தட்டில் ஒட்டிய சோற்றைச் சுரண்டி முடித்து நானும் கோட்டைப் போட்டேன். அது கணுக்காலைத் தொட்டது. விரல்கள் வெளியே வரவில்லை. இடது பையில் ஒரு தாள் மட்டும் இருந்தது.

"உன் பையில என்ன இருந்துச்சு? பர்ஸா?" என்றாள் சித்தி.

"இல்ல."

"சாவியா?"

"இல்ல சித்தி."

"அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படிப் போவுது?"

கோட்டை அவன் திருப்பித் தருவான். பையில் கிடக்கும் கல்லை எதற்கு வைத்திருக்கப் போகிறான்?

தாளில் கொட்டை எழுத்தில் அவனுடைய நாள் இருந்தது. கோழி. கண்ணாடிப் பாலம். மீன் ரொட்டி. அன்னப் படகு. முன்பின் தெரியாத மூவரிடம் நலம் விசாரித்தல். ஐந்து மணிப் பேருந்து.

ஏரிமேல் இருக்கும் கண்ணாடிப் பாலத்தில், கண்ணாடி கீறாமலிருக்கக் காலணிக்கு மேல் மாட்டும் துணியுறை தருபவரிடம் அவனைப் பற்றிக் கேட்டேன். அவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்தாரு, கும்பிட்டாரு, பாலத்து நடுவுல பயந்து உக்காந்துட்டாரு. ரெண்டு பேரு போய் இழுத்துட்டு வந்தோம். அப்புறம் என் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு. குப்பைத்தொட்டி எங்கன்னாரு. கையில வெள்ளையா, கல்லு மாதிரி ஏதோ வச்சிருந்தாரு."

"தொட்டி இருக்கா?"

"இங்க ஏது? வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

எங்கள் தெருக்களில் தொட்டி கிடையாது. அவரவர் குப்பை அவரவர் பையில். இதைக் கண்டித்து நகராட்சிக்கு நானே ஒருமுறை புகார் எழுதியிருக்கிறேன். அதை அவர்கள் படிக்கவே இல்லை என்பது அன்றுதான் நல்லதாகப் பட்டது.

மீன் ரொட்டி என்பது மீன் அச்சில் பயற்றுப் பூரணம் வைத்துச் சுடுவது. அதை விற்கும் ரொட்டிக்காரம்மா, தன் தள்ளுவண்டியில் சூட்டுப்பையைப் போட வந்தவனைப் பற்றிச் சொன்னாள்; தன் வண்டியில் அதைப் போட அவன் அனுமதி கேட்டதாகச் சொன்னாள். இது கடையா குப்பைமேடா என்று திட்டி, நாலு ரொட்டி கொடுத்து, பேருந்து நிலையத்தில் தொட்டி இருக்கிறது என்று வழிகாட்டியிருக்கிறாள்.

ஓடினேன். ஓடைக்கரையில் கோட்டை மிதித்து மல்லாந்தேன். வழுக்கும் துணி, கீழே பனி; அன்னப் படகுகள் உறைந்து கிடக்கும் இடம்வரை நிற்காமல் போனேன். இந்தக் கோட்டுக்காரர்களை எங்கள் ஊரில் கிம்பாப், கறுப்புப் பாசித்தாளில் சுற்றிய சோற்றுச் சுருள், என்பார்கள்.

"ஏய், கிம்பாப் உருளுது பாரு," என்றாள் கரையில் ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் தோழி படம் எடுத்தாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். காகிதம், பிளாஸ்டிக், தகரம், இதர வகை என்று நாலு தொட்டி. அவற்றின் முன்னால் எவான்ட்ரோ என் கோட்டில் நின்றிருந்தான். கைகள் பாதிவரை வெளியே தெரிந்தன. அவனைச் சுற்றி ஒரு பேருந்து ஓட்டுநரும் துப்புரவு செய்யும் அக்காவும் சண்டையில் இருந்தார்கள். இதர வகைதான் என்றார் ஓட்டுநர்.

"மேல துணி, உள்ள இரும்பு. பிரிச்சுத்தான் போடணும். என் தொட்டி, எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. ஒரு கையில் சூட்டுப்பை. மறு கையில் கத்தரிக்கோல்.

"வெட்டாதீங்க."

மூவரும் திரும்பினார்கள்.

"அது என்னுது."

"இந்தக் குப்பையா?"

"ஆமாக்கா. என் குப்பை."

அவள் என்னையும், பனி அப்பிய கோட்டையும் பார்த்தாள். கத்தரியை ஏப்ரனுக்குள் போட்டாள்.

"அவங்கவங்க குப்பைய அவங்கவங்க வீட்டுக்குக் கொண்டு போகணும். படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க."

சரி என்றேன். கையில் வைத்தாள்.

கோட்டுகளை மாற்றிக்கொண்டோம். எவான்ட்ரோ இடுப்பு வளைய வணங்கினான்.

"குளிரில் மேலங்கி சுருங்கிற்று என்றே எண்ணினேன். பிழை பொறுக்க வேண்டும்."

"பரவால்ல."

"பட்டியலில் படகு ஒன்றே எஞ்சியுள்ளது."

"அது ஏப்ரல்லதான் விடுவாங்க."

யோசித்தான். "ஏப்ரலில் வருவேன். கோழி உண்ணத் தாங்களும் வருவீரா? ஒருவருக்கு அடுப்பில்லையே."

"வர்றேன்," என்றேன். "முட்டைய மட்டும் பாதிப் பாதி."

பேருந்து போயிற்று. இடது பையில் கல் இருந்தது. வலது பையில் ஏதோ சரசரத்தது. காகிதத்தில் சுற்றிய மீன் ரொட்டி, வால் கடிபட்டது. ரொட்டியை எதில், காகிதத்தை எதில் என்று அக்காவிடம் கேட்கப் பயமாக இருந்தது. தின்றுவிட்டேன். நடுவில், பயறு இருக்கும் இடத்தில், இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.