வெள்ளையம்மா பெயரில் போன கடிதம்

ஜொகூரில் காஹாங் தோட்டத்தின் ரப்பர் ஷீட் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி கனகசபை ஆங்கில நாவலொன்றைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கூலிகள் உச்சி வெயிலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கட்டம் வந்தபோது, ஷீட்டிலிருந்து அழுக்கை வெட்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. எழுதியவர் என்ன சாதாரண ஆளா? பன்னிரண்டு வயதில் அமெரிக்க டயர் ஆலையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். முதலாளிகளைத் தோலுரித்து எழுதியே இரண்டு முறை சிறைக்குப் போனவர். அவருடைய புத்தகத்தை இந்த யாழ்ப்பாணத்துக் கிராணி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உச்சி வெயில்ல யாருங்க பால் வெட்டுவா? வெயில் ஏறுனா பாலு நின்னுடும். இருட்டு பிரியறப்பவே நாங்க மரத்தடியில நிப்போம். அவருக்கு யாராச்சும் சொல்லக்கூடாதா?" என்றாள் வெள்ளையம்மா.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்த கனகசபை, மூன்றாம் நாள் கொட்டகையிலேயே உட்கார்ந்து அந்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் கை நின்றுவிட்டது. முதலாளிகளைத் திட்டும் ஆளுக்கு எழுதியது தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வீடும் போய்விடும். மனைவி யோகத்தையும் பிள்ளைகளையும் எங்கே கூட்டிப்போவது?

"எம் பேரப் போடுங்க. சொன்னவ நாந்தானே" என்றாள் வெள்ளையம்மா.

போட்டார். அப்பாடா என்றிருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவள் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. துரை அதைப் பிரித்துவிட்டு இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். உள்ளே அதே நாவலின் புதுப்பதிப்பு இருந்தது. அதில் இப்போது விடியலில் பால் வெட்டினார்கள். முதல் பக்கத்தில், பிழையைத் திருத்திய ஜொகூர் வெள்ளையம்மாவுக்கு நன்றி என்று அச்சிட்டிருந்தது. கனகசபைக்கு நெஞ்சு விம்மியது.

கடிதம் எழுதியது யார் என்று துரை கேட்டார். வெள்ளையம்மா நிமிர்ந்து நின்று, "நாந்தாங்க தொர" என்றாள்.

துரை பேனாவை அவளிடம் நீட்டி, எழுது பார்க்கலாம் என்றார். அதை வாங்கிய அவள், எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் தான் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

கனகசபை அவள் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அச்சிலிருந்த அவள் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்.

"என்னங்க எழுதுனீங்க?" என்று அவள் கேட்டாள்.

"என்ர பேர்" என்றார்.

மை இன்னும் காயவில்லை. துரையின் மேசைமேல் அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது.